சொந்தபந்தம் கூடும் நாளில் பெரிய மேட்ச்: வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க ஏற்பாடு செய்வது எப்படி

இறுதிப் போட்டி நாளில் வீட்டில் இருபது பேர் கூடினால், மேட்சைச் சரியாகப் பார்க்க முடியாமல் போவது பெரும்பாலும் ஒருவருக்குத்தான். எல்லோரையும் கூப்பிட்டவருக்கு. தண்ணீர் தீர்ந்துபோகும், படம் சுற்றிக்கொண்டே நிற்கும், யாரோ வைஃபை பாஸ்வேர்டு கேட்பார்கள், சின்னக் குழந்தை ரிமோட்டை அழுத்திவிடும். இவற்றை எல்லாம் சரிசெய்துவிட்டுத் திரும்பினால் விக்கெட் விழுந்து முடிந்திருக்கும். வேலைகளில் முக்கால் பங்கை முந்தின நாளே முடித்துவிட்டால் விளையாட்டுப் பைத்தியமும் உட்கார்ந்து பார்க்கலாம், உறவுக்காக மட்டும் வந்தவர்களும் சலிப்பில்லாமல் இருக்கலாம்.

ஆட்டத்தின் கடிகாரம்

எல்லாக் கணக்கும் ஆட்டம் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதில் தொடங்குகிறது. சர்வதேச டி20யில் ஒரு இன்னிங்ஸுக்கு விதிப்படி 85 நிமிடம், இடைவேளை 20 நிமிடம். கூட்டினால் 3 மணி 10 நிமிடம். ரிவ்யூ, காயம், பந்துவீச்சுத் தாமதம் எல்லாம் சேர்ந்து மூன்றரை மணி நேரத்தைத் தொடும். பரிசளிப்பையும் சேர்த்து நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். டாஸ் ஆட்டத்துக்கு அரை மணி முன்பே முடிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஒருநாள் போட்டி என்றால் ஒரு இன்னிங்ஸே மூன்றரை மணி நேரம், முழு ஆட்டம் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் எல்லோரையும் உட்கார வைக்க முடியாது. இரண்டாவது இன்னிங்ஸுக்கு மட்டும் அழைப்பதுதான் நல்லது.

கால்பந்தில் 45 நிமிடப் பாதிகள் இரண்டு, நடுவில் அதிகபட்சம் 15 நிமிட இடைவேளை, விரயமான நேரத்துக்கான கூடுதல் நிமிடங்கள். சாதாரண ஆட்டம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். நாக்அவுட் (தோற்ற அணி வெளியேறும்) ஆட்டம் சமனானால் 15 நிமிடப் பாதிகள் இன்னும் இரண்டு, அதற்கு மேல் பெனால்டி என்று மூன்று மணி நேரத்தை நெருங்கலாம். 2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டி 3-3 என்று நின்று, பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா வென்றது. 90 நிமிடத்தில் முடிந்துவிடும் என்று எண்ணி இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் குறித்தவர்களின் கணக்கு அன்று முழுதாகத் தவறியிருக்கும். ஆகவே லீக் ஆட்டமா, நாக்அவுட்டா என்று பார்த்துவிட்டே நேரம் சொல்லுங்கள். மழைக்கு மாற்று நாள் உண்டா என்பதும் முக்கியம். 2019 உலகக் கோப்பையில் இந்தியா - நியூசிலாந்து அரையிறுதி ஜூலை 9, 10 என்று இரண்டு நாள் நடந்தது.

வேறு நாட்டில் நடக்கும் ஆட்டமானால் நேர மாற்றத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அட்டவணையில் இருப்பது மைதானத்தின் உள்ளூர் நேரமா, உங்கள் ஊர் நேரமா என்று முதலில் பாருங்கள். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடுகள் உண்டு என்பதால் பழைய கணக்கை அப்படியே நம்ப முடியாது. நள்ளிரவுக்குப் பின் தொடங்கும் ஆட்டத்தில் தேதியே மாறிவிடும். "ஞாயிறு 12:30" என்று குழுவில் போட்டால் பாதிப் பேர் மதியம் வந்து நிற்பார்கள். "சனிக்கிழமை ராத்திரி, விடிந்தால் ஞாயிறு, 12:30" என்று எழுதுங்கள்.

அழைக்கும்போதே மூன்று விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை பேர், யார் சீக்கிரம் கிளம்ப வேண்டும், தூங்க இடம் தேவைப்படும் குழந்தைகளோ, நெடுநேரம் உட்கார முடியாத பெரியவர்களோ வருகிறார்களா. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வரச் சொல்லுங்கள். குசலம் விசாரிக்க அந்த நேரம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் விசாரிப்பெல்லாம் பவர்பிளேயில், அதாவது ஆட்டத்தின் முதல் ஓவர்களில், நடக்கும்.

படம் வரும் வழி

ஒத்திகையை முந்தின நாள், அதே நேரத்தில் பாருங்கள். காலை 10 மணிக்கு நன்றாக ஓடும் இணையம் ராத்திரி 8 மணிக்குத் திணறலாம். செயலியில் உள்நுழைந்து, அப்டேட் போட்டு, அந்தப் போட்டி உங்கள் சந்தாவில் அடங்குமா என்று உறுதி செய்யுங்கள். ஒரே கணக்கில் எத்தனை கருவிகளில் பார்க்கலாம் என்பதற்கு வரம்பு இருக்கும். அன்று கணக்கைப் பகிர்ந்துகொண்டிருக்கும் அக்காவும் தம்பியும் தனித்தனியாகத் திறந்தால் டிவியில் படம் நின்றுவிடும். முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் இருப்பதை அப்படியே டிவியில் காட்டிக்கொள்ளலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். காப்புரிமைப் பாதுகாப்பு காரணமாகப் பல செயலிகள் திரைப் பிரதிபலிப்பைத் தடுத்துவிடும். சத்தம் வரும், திரை கறுப்பாகவே இருக்கும். டிவியிலேயே செயலி இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஸ்ட்ரீமிங் ஸ்டிக், அதுவும் இல்லாவிட்டால் மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள்.

நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வரும் படம் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி எடுக்கும். நான்கு மணி நேரத்துக்கு 14 ஜிபிக்கு மேல். மொபைல் ஹாட்ஸ்பாட்டை மாற்று வழியாக வைத்திருந்தால் அன்றைய டேட்டா அளவு அதற்குத் தாங்குமா என்று பாருங்கள். டிவிக்கு முடிந்தவரை ஈதர்நெட் கேபிளையே இழுத்துவிடுங்கள். அது முடியாமல் வைஃபைதான் என்றால், ரூட்டர் அதே அறையில் இருக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, நடுவில் சுவர்கள் இருந்தால் 2.4.

இன்னொரு சிக்கல் யார் கண்ணுக்கும் தெரியாது. விருந்தினர் போன்கள் வைஃபையில் சேர்ந்த மறு நிமிடமே பின்னணியில் போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் இணையச் சேமிப்பகத்துக்கு (கிளவுட்) ஏற்ற ஆரம்பித்துவிடும். பதினைந்து போன்கள் ஒரே நேரத்தில் ஏற்றினால் டிவி நின்று நின்று ஓடும். ரூட்டரில் விருந்தினருக்குத் தனி நெட்வொர்க் வைத்து வேகத்துக்கு வரம்பு போடலாம். அந்த வசதி இல்லையென்றால் மேட்ச் முடியும் வரை பாஸ்வேர்டு கிடையாது என்று அன்பாகச் சொல்லிவிடலாம். அதில் தப்பே இல்லை.

படத்தரத்தைத் தானியங்கியில் விட்டால் அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இணையம் சுமாராக இருந்தால் 720பி என்று நிலையாக வைப்பதே மேல். நொடிக்கு 50 அல்லது 60 பிரேம் வரும் 720பி, 25 பிரேம் வரும் 1080பியைவிடப் பந்தைத் தெளிவாகக் காட்டும்.

பக்கத்து வீட்டுக் கூச்சல்

இணைய ஒளிபரப்பு எப்போதும் பின்தங்கியே வரும். வழக்கமான முறையில் படத்தைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறார்கள். பரவலாகப் பயன்படும் அளவு 6 நொடி. பிளேயர் மூன்று துண்டுகளாவது பின்தள்ளியே ஆரம்பிக்கும். அதிலேயே 18 நொடி போய்விடும். படத்தைச் சுருக்குவது, அனுப்புவது எல்லாம் சேர்ந்தால் அரை நிமிடத்தைத் தாண்டுவது சகஜம். கிரிக்கெட்டில் அது கிட்டத்தட்ட ஒரு பந்து. நீங்கள் பந்துவீச்சாளர் ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் சிக்ஸருக்குக் கத்துவார்கள்.

வீட்டில் ஆன்டெனா, டிஷ் அல்லது கேபிள் இருந்தால் அதிலேயே பாருங்கள், தாமதம் மிகக் குறைவு. இணையத்தில்தான் பார்க்க வேண்டும் என்றால் படம் நின்று மீளும் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் பின்தங்குகிறது என்பதை நினைவில் வைத்து, ஓவர் இடைவெளியில் 'லைவ்' பொத்தானை அழுத்தி முன்னே வந்துவிடுங்கள். இரண்டு அறைகளில் இரண்டு டிவி ஓடினால் இரண்டும் ஒரே வழியில் வரட்டும். இல்லையென்றால் கூடத்தில் கொஞ்சம் முன்பாகவும் உள்ளறையில் பின்பாகவும் கத்துவார்கள், உள்ளறையில் இருப்பவர்களுக்கு ஆட்டத்தின் சுவையே போய்விடும். வேறு வேறு வழிதான் என்றால், வேகமாக வரும் டிவியை வித்தியாசம் எத்தனை நொடியோ அத்தனை நொடி நிறுத்திவைத்து ஓடவிட்டால் இரண்டும் சேர்ந்துவிடும்.

ஸ்கோர் செயலிகளின் அறிவிப்புகளும் டிவியை முந்திக்கொண்டு வரும். ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரையும் அறிவிப்புகளை அணைக்கச் சொல்லுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவையும் சேர்த்துத்தான். வெளியூரில் டிஷ்ஷில் பார்க்கும் சித்தப்பா போடும் ஒரு "அய்யோ" போதும், இங்கே ஒரு விக்கெட் வீணாகிவிடும்.

டிவி, புரொஜெக்டர், உட்காரும் இடம்

நிறைய டிவிகள் நான்கு மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடாவிட்டால் தானாக அணைந்துவிடும்படி அமைக்கப்பட்டிருக்கும். டாஸுக்கு முன்பே போட்ட டிவியில் நான்கு மணி நேரம் என்பது சரியாகக் கடைசி ஓவர்களில் வந்து நிற்கும். அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள். மின்சேமிப்பு, தூக்க நேரம், ஸ்டிக்கின் ஸ்கிரீன்சேவர் எல்லாவற்றையும் பாருங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியைக் குறைத்தோ அணைத்தோ வையுங்கள். வேகமாகப் போகும் பந்து இரண்டாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டு, அதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

55 அங்குல டிவியின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். அதற்கு 2 முதல் 2.5 மீட்டர் தூரம் சுகமானது. கூட்டத்தில் பின்வரிசை 4 மீட்டர் வரை போகலாம். சரிபார்க்கும் வழி எளிது: கடைசி நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கோர் பட்டையில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். படிக்க முடியவில்லையென்றால் வரிசையை முன்னே தள்ளுங்கள். முதல் வரிசை தரையில், இரண்டாவது சோபாவில், மூன்றாவது உயரமான நாற்காலிகளில் இருந்தால் தலை மறைக்காது. ஒரு ஆளுக்கு 60 சென்டிமீட்டர் அகலம், நாற்காலி வரிசைகளுக்கு 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். சமையலறைக்கும் கழிவறைக்கும் போகும் வழி திரைக்கு முன்னால் குறுக்கிடக் கூடாது. அதற்காகக் கூடத்தின் எதிர்ச்சுவருக்கு டிவியை மாற்ற வேண்டியிருந்தாலும் மாற்றிவிடுங்கள், அந்தச் சிரமம் வீண்போகாது. பெரியவர்களுக்குக் கைப்பிடி உள்ள நாற்காலி, வரிசையின் ஓரத்தில். தடுமாறாமல் எழுந்து போய் வரலாம்.

இதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்தால் விக்கெட் போய்விடும் என்று நம்புகிறவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர்களோடு வாதாடாதீர்கள். யாரும் தாண்டிப் போகத் தேவையில்லாத நடு இடத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டால் அவர்களும் நிம்மதி, மற்றவர்களும் நிம்மதி.

புரொஜெக்டர் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, எறிதூர விகிதம்: படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரத்தில் கருவி இருக்க வேண்டும் என்பது. விகிதம் 1.5 என்றால் 100 அங்குலப் படத்துக்கு (அகலம் சுமார் 2.2 மீட்டர்) 3.3 மீட்டர் தூரம் தேவை. உங்கள் அறை அவ்வளவு ஆழமா என்று டேப் வைத்து அளங்கள். இன்னொன்று வெளிச்சம். பகலில் திரைச்சீலை போட்ட அறைக்கு 3000 ஆன்சி லூமென்ஸாவது வேண்டும், இருட்டறைக்கு 1500 போதும். பெட்டியில் 'ஆன்சி' என்ற சொல் இல்லாமல் வெறும் லூமென்ஸ் என்று பெரிய எண் போட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம். வேட்டியோ போர்வையோ கட்டித் திரையாக்கினால் மின்விசிறிக் காற்றில் மைதானமே அலைபாயும். வழவழப்பில்லாத வெள்ளைச் சுவரே போதும். புரொஜெக்டரைத் தலைக்கு மேலே, எல்லோருக்கும் பின்னால் வையுங்கள். சரிவைத் திருத்தும் வசதியை நிறையப் பயன்படுத்தினால் படம் மங்கும், ஆகவே கருவியையே நேராக வைக்கப் பாருங்கள். ஒயர்களைச் சுவரோரமாகக் கொண்டுபோய் டேப் ஒட்டிவிடுங்கள்.

சத்தத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். புளூடூத் ஸ்பீக்கரில் சத்தம் 0.1 முதல் 0.3 நொடி வரை தாமதமாகும். மட்டையில் பந்து பட்ட பிறகுதான் 'டொக்' என்று கேட்கும். ஒயர் போடுங்கள். கூட்டத்தின் இரைச்சல் வர்ணனையை அமுக்கினால் டிவியில் பேச்சைத் தெளிவாக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். மிக்ஸி, கெட்டில் போன்றவற்றை டிவி இருக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகவே கூடாது.

சாப்பாடும் தண்ணீரும்

வயிறு நிறையச் சாப்பிடுவது ஆட்டத்துக்கு முன்போ பின்போ இருக்கட்டும். நடுவில், கையில் எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும்படியான உலர்ந்த பண்டம் மட்டும். இடைவேளையில் பரிமாறுவதாக இருந்தால் கணக்குப் போடுங்கள்: ஒருவர் தட்டை நிரப்ப 45 நொடி, இருபது பேருக்கு 15 நிமிடம். கால்பந்தின் இடைவேளை அதோடு முடிந்துவிடும். மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தி இரு பக்கமும் ஆட்கள் எடுக்கும்படி வைத்தால் நேரம் பாதியாகிவிடும். சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். பாதியை உள்ளே குளிரிலோ சூட்டிலோ வைத்துவிட்டு இரண்டாம் தவணையாகக் கொண்டுவாருங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர் என்று கணக்கிட்டு, ஆட்கள் உட்காரும் அறையிலேயே வையுங்கள். டம்ளரில் பேர் எழுதி ஒட்டினால் இருபது பேருக்கு அறுபது டம்ளர் ஆகாது.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு

கூடுகை நன்றாக அமைவதும் கெடுவதும் இங்கேதான். அத்தைக்கு ஆஃப்சைடு புரியாமல் இருப்பது குறையில்லை. அதைச் சொல்லித்தர யாரும் இல்லாமல் நான்கு மணி நேரம் அவர் ஓரமாக உட்கார்ந்திருப்பதுதான் குறை. புதிதாகப் பார்ப்பவர் பக்கத்தில் விளக்கம் சொல்ல ஒருவரை உட்கார வையுங்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இதற்கு மிகப் பொருத்தம், ஆசையாகச் சொல்வார்கள். எல்லா விதியையும் சொல்ல வேண்டாம். கிரிக்கெட்டில் இலக்கைத் துரத்தும்போது இன்னும் எத்தனை ரன், எத்தனை பந்து, எத்தனை விக்கெட் மிச்சம் என்ற மூன்று எண் போதும். ஆஃப்சைடை மேசையில் நான்கு டம்ளர் வைத்துக் காட்டலாம்: எதிரணிப் பாதியில், சக வீரர் பந்தைத் தட்டும் நொடியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரையும்விடக் கோல்கோட்டுக்கு அருகில் நின்று ஆட்டத்தில் தலையிட்டால் ஆஃப்சைடு. விளக்கம் ரீப்ளேயின்போது மட்டும் நடக்கட்டும்.

எல்லோரையும் ஆட்டத்தோடு கட்டிப்போடச் சீட்டுக் குலுக்கலைவிட நல்ல வழி இல்லை. கிரிக்கெட்டுக்கு 0 முதல் 9 வரை பத்துச் சீட்டு எழுதி ஆளுக்கொன்று எடுக்கச் சொல்லுங்கள். 5, 10, 15, 20 ஓவர் முடிவில் ஸ்கோரின் கடைசி இலக்கம் யாருடையதோ அவருக்கு ஒரு புள்ளி. இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து எட்டு வாய்ப்பு. பாட்டிக்கும் புள்ளிவிவரப் புலிக்கும் இதில் வித்தியாசமே கிடையாது. 15ஆவது ஓவரின் கடைசிப் பந்தில் ஒரு ரன்னா இரண்டா என்று பாட்டி எட்டிப் பார்க்கும்போது அந்த அறையே வேறு மாதிரி ஆகிவிடும். கால்பந்துக்கு 90 நிமிடத்தை ஆறாறு நிமிடமாகப் பிரித்தால் பதினைந்து சீட்டு. ஒவ்வொரு பாதியின் கூடுதல் நிமிடங்களும் அந்தப் பாதியின் கடைசிச் சீட்டோடு சேரும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'கோலே இல்லை' என்று பதினாறாவது ஒன்று. முதல் கோல் விழும் நிமிடம் யார் சீட்டில் இருக்கிறதோ அவர் வென்றார். பரிசு சின்னப் பொருளாக இருக்கட்டும். பணம் வைத்தால் சிரிப்பு போய்விடும், பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சமன் ஆனால் என்ன, மழை வந்தால் என்ன என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை குறையும். 2019 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியில் ஆட்டம் சமனாகி, அதன் பின் ஆளுக்கு ஒரு ஓவர் ஆடும் சூப்பர் ஓவரும் சமனாகி, பவுண்டரி எண்ணிக்கையில் இங்கிலாந்து வென்றதை வைத்து இன்னும் வாதாடுவார்கள். அந்த விதி அதே ஆண்டு நீக்கப்பட்டது. இப்போது முடிவு தெரியும் வரை சூப்பர் ஓவரையே மறுபடி ஆடுவார்கள். மழையால் ஆட்டம் குறையும்போது இலக்கைத் திருத்தும் டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் முறையில் முடிவு வர, டி20யில் இரண்டாவது அணி பொதுவாக 5 ஓவராவது ஆடியிருக்க வேண்டும், ஒருநாள் போட்டியில் 20.

விசேஷமும் மேட்சும் ஒரே நாளில் வந்தால்

கூடியிருப்பது மேட்சுக்காக இல்லை, வேறொரு விசேஷத்துக்காக என்றால் போனை மேசைக்கு அடியில் ஒளித்துப் பார்க்காதீர்கள். மேட்சும் பாதி, விசேஷமும் பாதியாகிவிடும், பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பவருக்கும் மனம் நோகும். வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி, கடைசி 5 ஓவரையோ கால்பந்தின் கடைசி 20 நிமிடத்தையோ மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். உங்களைப் போல இன்னும் மூன்று பேர் எழுந்து வருவார்கள்.

முழுதாகப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பதிவு செய்து இரவு பாருங்கள். பதிவின் முடிவு நேரத்தை அட்டவணையைவிட 90 நிமிடம் கூட்டி வையுங்கள். சூப்பர் ஓவரும் பெனால்டியும் வெட்டுப்பட்டுப் போவது இங்கேதான். காலையிலேயே ஸ்கோர் செயலி, செய்திச் செயலி அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். சமூக ஊடகத்தில் அணிப் பெயர்களை முடக்கும் சொற்களில் சேருங்கள். முடிவு தெரிந்த மாமாக்களிடம் "நான் இன்னும் பார்க்கவில்லை" என்பதை அவர்கள் வாய் திறக்கும் முன் சொல்லுங்கள். இரவு ஒளிபரப்புச் செயலியின் முகப்பைத் திறந்தாலே கோப்பையோடு நிற்கும் படம் முதலில் கண்ணில் படும். ஆகவே வீட்டில் ஏற்கெனவே முடிவு தெரிந்த ஒருவரைத் திறந்து ஓடவிடச் சொல்லிவிட்டு அதன் பிறகு அறைக்குள் போங்கள். முக்கியமாக, அடியில் ஓடும் நேரப் பட்டையை மறைத்துவிடுங்கள். கடைசி ஓவர் போய்க்கொண்டிருக்கும்போது பட்டையில் இன்னும் நாற்பது நிமிடம் மிச்சம் தெரிந்தால் ஆட்டம் சமனாகிவிட்டது என்று புரிந்துவிடும். ஒரு துண்டு அட்டையை டிவியின் கீழ் விளிம்பில் ஒட்டினால் போதும். ஸ்கோர் பட்டை அதற்குள் மறையாதபடி உயரத்தைப் பார்த்து வெட்டிக்கொள்ளுங்கள்.